பதினொரு சக்கர நாற்காலிகளின் பாதுகாப்பு குறித்து

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்து ஓட விட்டது. ஓடிய சக்கரத்தை அசையாமல் நிறுத்திக் காட்டிய பெருமை எங்கள் நிர்வாகக் குழுவையே சேரும். அந்தக் குழுவின் செயலாளர் நான். நானே சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உண்மையை மறைப்பது பாவம் அல்லவா?

மருந்துக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே இருக்கும் ஒரே அறைதான் எங்கள் உதவி நிலையம். நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலியை இரவலாகக் கொடுப்பது எங்கள் தொண்டு. மொத்தம் பதினொரு நாற்காலிகள். யார் எடுத்துப் போகிறார்கள் என்பதைக் கணினியில் பதிந்துவிட்டுத்தான் கொடுப்போம். ஒரு திங்கட்கிழமை காலை, பதினொன்றும் அறையில் இருந்த நேரம், வழக்கம்போல் கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்துவிட்டுக் கணினியைப் பார்த்தேன். திரையில் ஒரே ஒரு வரி:

"உங்கள் உரிமம் முடிவடைந்தது."

கடவுள்தான் பதில் அனுப்பிவிட்டார் என்று ஒரு கணம் வெலவெலத்துப் போனேன். மென்பொருளை விற்ற கம்பெனி அனுப்பியது என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது. வருடச் சந்தாவைக் கட்டினால்தான் இனிப் பதிய முடியும்.

உடனே குழுவைக் கூட்டினேன். "பொருள்: பழைய உரிமத்தைப் புதுப்பிப்பதா, திறந்த மூலத்துக்கு மாறுவதா" என்று அறிவிப்பும் எழுதினேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தார் குழு உறுப்பினரான பூட்டுக்கடைக்காரர்.

"ஏன் சார், யாருக்கு மூலம்? டாக்டர்கிட்ட போகாம கமிட்டியைக் கூட்டறீங்களே?"

இன்னொரு உறுப்பினரான கணக்கு டீச்சர்தான் விளக்கினார். "அது இல்லைண்ணே. இது மென்பொருள். எப்படி எழுதியிருக்காங்கன்னு யார் வேணும்னாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். காசும் கிடையாது."

"யார் வேணும்னாலும்னா? திருடனுமா?"

"திருடனும்தான்."

பூட்டுக்கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "முப்பது வருஷமா பூட்டு விக்கிறேன் டீச்சர். சாவி வெட்டற அளவை வெளியில எழுதி ஒட்டின பூட்டு ஒண்ணுகூட என் கடையில கிடையாது."

"மூடி வைச்ச விடைத்தாள்ல எல்லாக் கணக்கும் சரியாத்தான் இருக்கும்ணே. நாலு பேர் திறந்து பார்த்தாதானே தப்பு தெரியும்?"

இப்படி ஆரம்பித்தது அந்த மகத்தான விவாதம். எங்கள் தலைவர் மட்டும் அதில் கலந்துகொள்ளவில்லை. அவர் ஓய்வுபெற்ற ரயில் கார்டு. கூட்டம் தொடங்கியதும் காது மிஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது அவர் வழக்கம்.

அப்போது கழுத்தில் இஞ்ச் டேப்போடு ஒரு தையல்காரர் வாசலில் வந்து நின்றார்.

"சார், வியாழக்கிழமை பதினோரு மணிக்கு என் சம்சாரத்தை ஆஸ்பத்திரியிலேர்ந்து அனுப்பறாங்க. இடுப்புல ஆபரேஷன். வண்டி எங்க சந்து முனையோட நின்னுடும், உள்ள வராது. அங்கேர்ந்து வீடு இருநூறு அடி. தூக்கிட்டுப் போனா தையல் பிரிஞ்சிடும்னு டாக்டர் சொல்றார். தையல் பிரியறதைப் பத்தி எனக்கு இன்னொருத்தர் சொல்லணுமா சார்? ஒரு நாற்காலி வேணும்."

தையலின் தையலுக்காகத் தையல்காரர் கலங்கி நிற்கிறாரே என்று, அதிலிருந்த தமிழ்ச் சுவையில் நான் சிறிது நேரம் மெய்மறந்திருந்தேன். பிறகு மனம் இளகி, "உங்க சம்சாரத்துக்காகத் தினமும் வேண்டிக்கிறேன்" என்றேன்.

"ரொம்பப் புண்ணியம் சார். நாற்காலி?"

"பதியாம குடுத்தா, காணாமப் போன கணக்குல சேர்ந்துடும்ங்க."

"ஒரு தாள்ல எழுதிக்கங்களேன்."

பூட்டுக்கடைக்காரர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "தாளுக்குப் பாஸ்வேர்டு உண்டாய்யா?"

தையல்காரர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "நீங்க உக்காந்திருக்கிறதுல ஒண்ணு குடுத்தாக்கூடப் போதும்" என்றார்.

ஆம், நாங்கள் நால்வரும் சக்கர நாற்காலிகளில்தான் அமர்ந்திருந்தோம். நன்கொடைப் பணத்தில் எங்களுக்கென்று தனி நாற்காலி வாங்கி வீணாக்கக் கூடாது என்ற உயர்ந்த கொள்கைதான் காரணம். என்னுடையது ஏழாம் எண்; மெத்தை நன்றாக இருக்கும்.

"கமிட்டி முடிவு பண்ணட்டும், நாளைக்கு வாங்க" என்று இனிமையாகச் சொல்லி அனுப்பினேன். இனிய சொல்லுக்குச் செலவா, உரிமமா?

செவ்வாய்க்கிழமை செலவு பற்றி ஆராய்ந்தோம். "சும்மா கிடைக்குது, எடுத்துக்க வேண்டியதுதானே? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கலாமா?" என்றார் டீச்சர்.

"பல்லைப் பார்க்க வேண்டாம் டீச்சர். பால் கறக்குமான்னாவது பார்க்கலாமில்ல? அது படுத்துக்கிட்டா வைத்தியம் பார்க்க யார் வருவா? பழைய கம்பெனிக்காரன்னா போன் போட்டா எடுப்பான்."

"எடுப்பான். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்'னு சொல்லிட்டு அரை மணி நேரம் பாட்டுப் போடுவான்."

கோபம் வந்தால் பூட்டுக்கடைக்காரர் நாற்காலியை முன்னால் உருட்டுவார். டீச்சரும் உருட்டுவார். கால்மிதிகள் டங்கென்று மோதிக்கொள்ளும். நான் நடுவில் உருண்டு போய்ச் சமாதானம் செய்வேன். தையல்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவார். புதன்கிழமையும் வந்தார், நின்றார், போனார். நானும் சொன்ன சொல் தவறாமல் இரண்டு நாளும் அவர் மனைவிக்காக வேண்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கே அவர் வந்துவிட்டார். "இன்னிக்குத்தான் சார்" என்றார்.

"பத்தரைக்குள்ள முடிவு சொல்லிடறோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, மிகக் கடினமான கேள்விக்குள் நுழைந்தோம். எங்கள் பட்டியலைத் திருட்டுத்தனமாகத் திறந்து பார்ப்பவனுக்கு என்னென்ன ரகசியங்கள் கிடைக்கும்? யாருக்கு இடுப்பு முறிந்தது, யாருக்குக் கால் வீங்கியது, எந்த நாற்காலிக்குப் பிரேக் பிடிக்காது. மூன்றாவதுதான் பயங்கரம் என்று பூட்டுக்கடைக்காரர் சொன்னார். அந்த ரகசியத்தை உலகம் முழுக்கப் பூட்டிக் காப்பதா, உலகம் முழுக்கத் திறந்து காப்பதா என்று விவாதித்து நாங்கள் நிமிர்ந்தபோது மணி பதினொன்றேகால். வாசலில் தையல்காரர் இல்லை. தலைவரும் இல்லை. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியும் இல்லை.

'தலைவர் வெளிநடப்பு செய்தார்' என்று குறிப்பேட்டில் எழுதப் போனேன். டீச்சர் தடுத்தார். "நடந்தா போனார்? உருட்டிக்கிட்டுல்ல போயிருக்கார்!" தீர யோசித்து 'வெளியுருட்டு' என்று எழுதினேன். கலைச்சொல் ஒன்று தமிழுக்குச் சேர்ந்தது.

பன்னிரண்டு மணிக்குத் தலைவர் வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார். காதில் மிஷின் இருந்தது.

"எங்க சார் போனீங்க?" என்றேன்.

"சந்து முனைக்கு."

"நாற்காலி?"

"அதுல ஒரு அம்மா உக்காந்திருக்காங்க. வீடு வரைக்கும் நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் பிடிச்சுத் தள்ளினோம். தையல் பிரியலை."

"பதிவு?"

"அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். அதை எந்தக் கட்டத்துல பதியணும்னு சொல்லுங்க, பதிஞ்சுடறேன்."

என் கண் கலங்கிவிட்டது. விவாதம் எதுவும் காதில் விழாததால்தான் வாசலில் நின்றவர் அவர் கண்ணில் பட்டிருக்கிறார் என்று புரிந்தது. ஆனால் கடமை என்று ஒன்று இருக்கிறதே! கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நம்ம நிலையத்துல நடந்த முதல் பாதுகாப்பு மீறல் இது" என்று அறிவித்தேன்.

பூட்டுக்கடைக்காரர் கேட்டார்: "டீச்சர், உங்க திறந்த மூலம் இருந்திருந்தா இதைத் தடுத்திருக்குமா?"

"கண்டிப்பா. உங்க கம்பெனியோடது?"

"அசைய விட்டிருக்காது."

நான்கு நாளில் முதல்முறையாக இருவரும் ஒத்துப்போனார்கள். கைகுலுக்கிக்கொண்டார்கள். எந்த மென்பொருள் என்பது அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. நடக்க முடியாத ஒரு பெண்ணுக்குச் சக்கர நாற்காலி கொடுத்த குற்றத்துக்காகத் தலைவரைப் பதவியிலிருந்து நீக்கும் தீர்மானத்தை நான் முன்மொழிந்தேன், நிறைவேறியது. புதிய தலைவராக என்னையே தேர்ந்தெடுத்தார்கள். தகுதி இல்லாதவன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

மீதிப் பத்து நாற்காலிகளும் முழுப் பாதுகாப்புடன் இருக்கின்றன என்பதை இறையருளால் மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். நடக்க முடியாதவர் எவரும் இன்றுவரை அவற்றை நெருங்க முடியவில்லை.