ஆட்டுக்கால் சாமியும் பெண் கொடுக்க வந்தவரும்

ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தவனை அந்தச் சொல் ஒன்றும் செய்யாது என்று நினைப்பது தப்பு. பாம்பைப் பற்றிப் பாடம் நடத்துகிறவரையும் பாம்பு கடிக்கும். என்னைக் கடித்தது 'பேனிக்' என்ற இங்கிலீஷ் வார்த்தை.

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தேன். சொந்த ஊர் அடிவாரத்தில் ஆலங்காயம். கழுத்து நீளம் (பேச்சு அதைவிட நீளம்). பெண் வீட்டார் எல்லாம் 'மலை மேல வேலையா?' என்று கேட்டுக் காபியோடு நிறுத்திக்கொண்டார்கள். மிச்சமிருந்தது திருப்பத்தூர்ப் புளி வியாபாரி கோவிந்தசாமியின் மகள் வசந்தா. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. புளியமரங்களின் காய்ப்பைப் பார்க்கிற சாக்கில் என்னையும் பார்த்துவிட்டுப் போக, ஒரு சனிக்கிழமை அவள் அப்பா மலைக்கு வந்தார்.

"தம்பி பாடம் நடத்துறதக் கொஞ்சம் கேக்கலாங்களா?" என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

அன்றைய பாடத்தில் 'பேனிக்' வந்தது. விடுவேனா? கிரேக்க நாட்டில் பான் என்று ஒரு காட்டுச் சாமி. இடுப்புக்கு மேலே மனுஷன், கீழே ஆட்டுக்கால், தலையில் கொம்பு, முகத்தில் தாடி. உச்சி வெயிலில் தூங்கும். யாராவது எழுப்பிவிட்டால் ஒரே ஒரு சத்தம் போடும். மேய்க்கிறவனும் ஆடுகளும் எதற்கென்றே தெரியாமல் சிதறி ஓடுவார்கள். காரணமில்லாமல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் அந்தப் பயத்துக்குச் சாமியின் பெயரையே வைத்துவிட்டார்கள், அதுதான் பேனிக் என்று மேஜை மேல் ஏறாத குறையாக நடித்துக் காட்டினேன். கோவிந்தசாமி வாயைப் பிளந்து கேட்டார். பெண் பாதி கிடைத்துவிட்டது என்று முடிவு செய்தேன்.

அரை நாள் பள்ளி முடிந்து இருவரும் பக்கத்து ஊர்ப் புளியமரங்களைப் பார்க்கப் போனோம். நல்ல உச்சி வெயில். ஒரு பெரிய பாறை நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். இந்தக் காட்டில் தனியாக இருக்கப் பயமாக இல்லையா என்று கேட்டார். பயம் என்பதெல்லாம் மனசு செய்கிற வேலை என்றேன். சொல்லி வாயை மூடவில்லை, பாறைக்கு அந்தப் பக்கம் ஏதோ செருமியது. நிமிர்ந்தேன்.

பாறைக்கு மேலே ஒரு முகம். ஆள் உயரம். கொம்பு. தாடி. எதையோ மென்றுகொண்டே என்னைப் பார்த்தது.

நான் யோசிக்கவில்லை. (யோசிக்கிற பகுதி எனக்கு முன்பே ஓடிவிட்டிருந்தது.) பக்கத்துச் சாமைக் கொல்லைக்குள் பாய்ந்து காவல் பரண் மேல் ஏறினேன். காட்டுப்பன்றி வந்தால் அடிப்பதற்காகப் பரணில் ஒரு தகர டின் தொங்கவிட்டிருப்பார்கள். பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லாததால் அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுங்கினேன். நான் நடுங்க நடுங்க டின் முழங்கியது.

அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. டின் சத்தம் கேட்டால் வீட்டுக்கு ஒருவர் தடியோடு வந்தாக வேண்டும். எதற்கு, ஏன் என்று கேட்கக் கூடாது. வந்துவிட்டார்கள். உலக்கையோடு முன்னால் வந்தவள் கொல்லைக்குச் சொந்தக்காரி காளியம்மா.

"பகல்லயே பன்னி வந்துட்சா சாரு? எந்தப் பக்கம் போச்சி?"

எனக்கு 'கொம்பு' என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. பாறையைக் காட்டினேன்.

போனவர்கள் தடியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது. காளியம்மாவின் கிடா அது. முன்னங்கால்களைப் பாறையில் ஊன்றி, பின்னங்கால்களில் நின்று, தாழ்ந்திருந்த புளியங்கிளையை எட்டித் தின்றிருக்கிறது. இத்தனை கூட்டத்தைப் பார்த்தும் அது தின்பதை நிறுத்தவில்லை.

"எங்க கிடா உங்கள இன்னா சாரு பண்ணுச்சி?" என்றாள் காளியம்மா.

அப்போதுதான் உறைத்தது. கோவிந்தசாமி எங்கே? பாறையடியில் சோறு இருந்தது, அவர் செருப்பு இருந்தது, ஆளைக் காணோம். பெண் கொடுக்க வந்தவரை நடுக்காட்டில் விட்டுவிட்டு ஓடியவனுக்கு எவன் பெண் கொடுப்பான்? பன்றிக்காக வந்த ஊர் இப்போது வியாபாரியைத் தேடியது. எதிர்ப்பக்கச் சரிவில் ஒரு பலாமரத்தில் கண்டுபிடித்தோம். வேட்டி ஒரு கிளையில், அவர் இன்னொரு கிளையில்.

எதைப் பார்த்து ஓடினீர்கள் என்று கீழே நின்று கேட்டேன்.

"நான் ஒண்ணும் பாக்கலிங்க. நீங்க ஓடினீங்க, நானும் ஓடினேன்."

பேனிக்குக்கு இவ்வளவு தெளிவான விளக்கத்தை நான் எந்த அகராதியிலும் படித்ததில்லை.

நாலு பேர் தாங்கி இறக்கினோம். பஸ் நிற்கிற இடம் வரை அவர் என் பக்கம் திரும்பாமல் வேட்டியில் ஒட்டிய பலாப்பிசினைச் சுரண்டிக்கொண்டே வந்தார். சம்பந்தம் முறிந்தது என்று நான் வசந்தாவின் போட்டோவுக்கு மனசுக்குள் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தேன். படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பி, என் காதோரம் குனிந்தார்.

"மாப்ள, நான் மரம் ஏறினது வூட்ல தெரிய வேணாம்."

தை மாதம் கல்யாணம். நான் வாக்கைக் காப்பாற்றினேன். ஆனால் மரியாதைக்காகக் காளியம்மாவையும் ஊராரையும் அழைத்திருந்தேன். முதல் பந்தியிலேயே கதை முழுக்கப் பரிமாறப்பட்டுவிட்டது. "மாப்ளய காப்பாத்தத்தான் நான் ஓடினேன்" என்று சமாளித்தார் மாமனார்.

இன்றைக்கும் தீபாவளிக்கு எல்லோரும் கூடினால் வசந்தா அதை எடுக்காமல் இருக்கமாட்டாள்.

"ஏம்பா, இவரு கிழக்கால ஓடினாரு, நீ மேற்கால ஓடின. எப்பிடிப்பா காப்பாத்துன?"

மாமனார் என்னைப் பார்ப்பார். நான் இலையில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொல்வேன்.