ஏற்றமில்லாத வழி

மொராக்கோ மண்ணில் சைக்கிள் சக்கரம் பட்ட அன்றே ஒரு முடிவெடுத்தேன். இனி வழி சொல்வது நான்தான்.

எங்கள் நாட்டில், சொந்த ஊர் மஹ்தியாவில் அந்த வேலை என் மனைவி ஜலீலாவுடையது. எந்தச் சந்தில் திரும்ப வேண்டும், யாரிடம் மீன் வாங்க வேண்டும், யாருக்கு சலாம் சொல்ல வேண்டும், யாரைக் கண்டால் தெருவின் மறுபக்கம் மாற வேண்டும், எல்லாம் அவள் உத்தரவு. கல்யாணமான நாள் முதல் மிதிப்பவன் நான், திருப்புகிறவள் அவள். இத்தனைக்கும் நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வுபெற்றவன்.

முடிவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்பு டாக்டர் என் நெஞ்சை வெகுநேரம் கேட்டார். பக்கத்து அறையில் யாருடனோ போன் பேசிவிட்டு வந்தவர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஷத்லி, சைக்கிள் ஓட்டலாம். ஆனா ஏற்றம் மட்டும் கூடாது." மற்றவர்களை எல்லாம் வாழ்க்கையில் ஏற்றம் வரட்டும் என்று வாழ்த்துகிறார்கள். எனக்கு மட்டும் தடை.

ஜலீலாவிடம் சொன்னால் என்ன ஆகும்? முதலில் பயணம் போகும். பிறகு சைக்கிள் போகும். அப்புறம் உப்பு போகும், ஹரிஸா மிளகாய் விழுது போகும், கடைசியில் நானும் போவேன். எனவே வாயைத் திறக்கவில்லை. பயணத்துக்கு அவளைச் சம்மதிக்கவைக்க ஒரு வாரத்துக்கான வாதங்களைத் தயாரித்து வைத்திருந்தேன். முதல் வாதத்திலேயே "சரி, போகலாம்" என்றாள். மிச்ச வாதங்கள் வீணாயின.

என் திட்டம் எளிது. போனில் அந்த நாட்டு மேப் முழுவதையும் வீட்டிலேயே இறக்கிக்கொண்டேன். அதில் 'ஏற்றத்தைத் தவிர்' என்று ஒரு வசதி இருந்தது. தட்டி வைத்தேன். சுற்றுவழியாகப் போவானேன் என்று அவள் கேட்டால், பழி போன் மேல்.

"நெட் இல்லாம இது எப்படி மனுஷா வழி சொல்லும்?"

"நாம எங்க நிக்கிறோம்னு சாட்டிலைட் சொல்லும் ஜலீலா. இதோ பார், இந்த நீலப் புள்ளிதான் நாம. சிம் வேண்டாம், நெட் வேண்டாம், எவனையும் கேட்க வேண்டாம்."

"மேலே இருந்து ஒருத்தன் பாத்துட்டிருக்கான்னு எனக்கு எப்பவோ தெரியும். அதுக்கு எதுக்குப் போன்?"

அவள் கேட்பதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு ஊரிலும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு யாராவது ஒரு பெண்ணிடம் உட்கார்ந்துவிடுவாள். அரை மணி நேரம் பேச்சு. அவர்கள் அரபி வேறு, எங்கள் அரபி வேறு. மலைப்பக்கம் நெருங்க நெருங்க அரபியே இல்லை. அதனால் என்ன, கையும் கண்ணும் இருக்கிறதே. அவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் போனைப் பார்ப்பேன்.

திஸ்னித் ஊரைத் தாண்டி மலைக்குள் நுழைந்த அன்று காலை ரக்கூஷ் என்பவளின் டீக்கடையில் ரொட்டியும் தேனும் சாப்பிட்டோம். ஜலீலா வழக்கம்போல் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

"தார் ரோடு கணவாய் மேல ஏறி இறங்குதாம்."

நெஞ்சு ஒரு தட்டு தட்டியது. "போன் அப்படிச் சொல்லலை. வறண்ட ஆத்தோரமா ஒரு பாதை காட்டுது. ஏற்றமே இல்லை."

"அந்தப் பாதையைப் போன மழை அடிச்சுட்டுப் போயிடுச்சுன்னு ரக்கூஷ் சொல்றா."

"மேப்ல இருக்கே."

"மேப்பை மழை அடிக்கலை மனுஷா. பாதையைத்தான் அடிச்சுது."

"ரக்கூஷ் சொல்றது பெருசா, சாட்டிலைட் சொல்றது பெருசா?"

அவள் என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். வழக்கமாக இந்த இடத்தில் நான் தோற்பேன். அன்று அவள் ரக்கூஷிடம் திரும்பி ஏதோ சொன்னாள். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். "சரி. நட."

ஜெயித்துவிட்டேன்! விசிலடித்துக்கொண்டே ஆற்றில் இறங்கினேன்.

பாதை கொஞ்ச தூரம் பாதையாக இருந்தது. பிறகு மணல் ஆனது. அப்புறம் பானை பானையாகக் கல். சைக்கிளைத் தள்ளினோம். அதற்கப்பால் தூக்கினோம். திரையில் நீலப் புள்ளி மட்டும் அழகான கோட்டின் மேல் ஒய்யாரமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு திருப்பத்தில் கழுதையின் எலும்புக்கூடு கிடந்தது.

"இதுவும் மேப்பைப் பாத்துதான் வந்திருக்கும்," என்றாள் ஜலீலா.

வெயில் உச்சிக்கு ஏறியது. இருபுறமும் செங்குத்தான பாறை. நிழல் என்று பெயருக்கும் இல்லை. ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த போன் தொட்டால் சுட்டது. சூடு அதிகமாகிவிட்டது, ஆறும் வரை வேலை செய்யமாட்டேன் என்று ஒரு வரி காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. நீலப் புள்ளி போயிற்று. உலகத்தில் நாங்கள் எங்கேயும் இல்லை.

"அந்தத் தண்ணியைக் கொடு. துணியை நனைச்சுப் போன்மேல போடறேன்."

"எனக்குத் தாகம், உனக்குத் தாகம். அதுக்கும் தாகமா?"

இருவருக்கும் சேர்த்து மிஞ்சியது பாட்டிலின் அடியில் கிடந்த வெந்நீர். அதைக் குலுக்கிப் பார்த்தேன். அப்போதுதான் இடது தோளில் ஆரம்பித்தது. மெல்ல இறங்கி மார்பின் நடுவே உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்றா சொன்னேன்? குடும்பத்தோடு குடியேறியது.

"என்ன வலியா?" என்றாள்.

"வழிதான். அந்தத் திருப்பத்துக்கு அப்புறம்..."

"நான் கேட்டது வழியை இல்லை. வலியை."

மணலில் சாய்ந்தேன். வானம் வெள்ளையாகத் தெரிந்தது. இங்கே செத்தால் இந்தக் கற்களுக்கு நடுவே இவள் என்னைத் தனியாக என்ன செய்வாள் என்று நினைத்தேன். பயம் வந்தது. என்னைப் பற்றி இல்லை. பஞ்சர் ஒட்டும் டப்பாவுக்குள் டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒளித்து வைத்திருந்தேன். எடுக்கக் கையை நீட்டினேன். கை போகவில்லை.

அதற்குள் அவள் தன் இடுப்புப் பையைத் திறந்தாள். அதே மாத்திரை. அதே மஞ்சள் அட்டை.

"நாக்குக்கு அடியில வை. முழுங்காதே."

வைத்தேன். அவள் தன் தலைத்துணியை அவிழ்த்து என் முகத்துக்கு மேல் விரித்துப் பிடித்தாள். அவளுக்கு நிழலில்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"உனக்கு... தெரியுமா?"

"பேசாதே."

எவ்வளவு நேரமோ தெரியவில்லை. கீழ்ப்பக்கத்திலிருந்து ஒரு பழைய பிக்கப் வண்டி கற்கள் மேல் குதித்துக்கொண்டு வந்தது. ரக்கூஷின் தம்பி பிஹி இறங்கினான். இரண்டு கேன் தண்ணீர், ஒரு ஜமுக்காளம், ஒரு குடை. எல்லாம் தயார்.

"இவர்தானே நெஞ்சு வலிக்காரர்?" என்றான் அரைகுறை அரபியில். "ஹாஜி, கடற்கரையிலேருந்து இங்க வரைக்கும் எல்லா டீக்கடையிலும் உங்க பேச்சுதான். மத்தியானத்துக்குள்ள ஆத்தோட கீழ்முனைக்கு வரலைன்னா உள்ள வந்து தேடச் சொன்னாங்க உங்க வீட்டம்மா."

பிக்கப்பின் பின்பக்கத்தில் என்னைப் படுக்கவைத்தார்கள். அவள் மடியில் என் தலை. கால்மாட்டில் சைக்கிள்கள். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி அவனுக்குத் தெரிந்திருந்தது. வலி கொஞ்சம் தளர்ந்தது. கோபம் வந்தது.

"பாதை இல்லைன்னு தெரிஞ்சும் ஏன் என்னை இதுல விட்டே?"

"கணவாய்ல ஏறினா செத்துருப்பே. ஆத்துல இறங்கினா தொலைஞ்சுதானே போவே? தொலைஞ்சவனைத் தேடிப் பிடிச்சுடலாம்."

"காலையிலேயே பிக்கப்ல ஏறுன்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ஏறியிருப்பியா?"

ஏறியிருக்கமாட்டேன். பேச்சை மாற்றினேன்.

"என் நெஞ்சு சமாச்சாரம் உனக்கு எப்படித் தெரியும்? டாக்டர் என்கிட்ட மட்டும்தானே சொன்னாரு?"

"உன்கிட்ட சொல்லலாமான்னு முதல்ல என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

ஜலீலா என் நெற்றியில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தாள். சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பாதியை மட்டும் சொல்லச் சொன்னேன்."