‘ம்ம்ம்’ என்றால் சரி என்றுதானே அர்த்தம்?

அன்பும் மதிப்பும் மிக்க மச்சானுக்கு,

இங்கு அனைவரும் நலம், ஃபிரிட்ஜ் உட்பட. அங்கும் அவ்வாறே இருக்க விழைகிறேன். “எங்க அண்ணனுக்கு மட்டும் இதை எழுதித் தொலைக்காதீங்க” என்று உங்கள் தங்கை சொன்னதால் உடனே எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் மருமகள், அதாவது என் அருமை மகள், பல்கலைக்கழகத்தில் ஏதோ அகப்பெல்லா குழுவில் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள். அகப்பை பிடிக்கப் பழகுகிறாள், நல்லதுதானே என்று நானும் தலையாட்டினேன். பிறகுதான் தெரிந்தது, அது வாத்தியமே இல்லாமல் எல்லாவற்றையும் வாயாலேயே வாசித்துப் பாடுகிற கூட்டம். முப்பது வருடத்துக்கு முன் விடுதிச் சமையலறையில் நாலு பேர் ஆரம்பித்தார்களாம். சுருதிப் பெட்டி வாங்க வக்கில்லாமல், அங்கே இரைந்துகொண்டிருந்த ஃபிரிட்ஜின் சத்தத்தையே சுருதியாக எடுத்துக்கொண்டார்களாம். அந்த ஃபிரிட்ஜ் எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது, சுருதி மட்டும் போகவில்லை. ஆண்டு விழா அன்று காலையில் பழைய சுருதிக்காரர் புதியவர் காதில் ‘ம்ம்ம்’ என்று முனகுவார். புதியவர் அதை மாலை மேடை ஏறும்வரை வாய் திறக்காமல் காப்பாற்ற வேண்டும். ஒரு வார்த்தை பேசினாலும் சுருதி போச்சு. அன்றைக்குக் கைப்பேசியைத் தொடுவதே துரோகமாம். இந்த வருடச் சுருதிக்காரி நம் வீட்டுப் பெண். இதை மட்டும் என்னிடம் யாரும் மூச்சு விடவில்லை.

விழா அன்று விடியற்காலையிலேயே போய் அதை வாங்கி வந்துவிட்டாள், வீடு முழுக்க ‘ம்ம்ம்’. ஃபிரிட்ஜ் போய்விட்டது என்று மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் அதன் பின்னால் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “பழசுதானே சார், கொஞ்சம் இரையும். ஆனா பெரிய சத்தம் உங்க பொண்ணுகிட்ட இருந்துல்ல வருது?” என்றார். மாலை அவள் கிளம்பும் நேரத்தில் எனக்கு அடுத்த மாதப் பரீட்சைக் கவலை. “இந்தப் பாட்டுக் கூத்தை விட்டுடுறியாம்மா?” என்று கேட்டேன். “ம்ம்ம்” என்றாள். “நிஜமாவா?” “ம்ம்ம்.” கூடவே தலையையும் ஆட்டினாள். உங்கள் குடும்பத்தார் தலையாட்டினால் ஆமா எது, இல்லை எது என்று எனக்கு இன்றுவரை பிடிபட்டதில்லை. அவள் பேனா தேடுவதற்குள், மீசை என்று எல்லாரும் கூப்பிடும் குழுத் தலைவனுக்குப் போன் போட்டு, அவள் விலகிவிட்டதாகச் சொல்லியே விட்டேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், பின்னாலேயே நானும் உங்கள் தங்கையும் ஓடினோம்.

மேடைக்குப் பின்னால் மீசை அவளை மறித்து, “எங்களை விட்டுட்டுப் போறியாமே?” என்றான். “ம்ம்ம்.” “அப்போ உங்கப்பா சொன்னது நிஜமா?” “ம்ம்ம்.” பாவம், அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இவள் திரும்பினாள், என்னைப் பார்த்தாள், “எல்லாம் உங்களாலதாம்ப்பா!” என்று கத்திவிட்டாள். அவ்வளவுதான், சுருதி போச்சு. குழந்தை தரையில் உட்கார்ந்து அழுதேவிட்டாள், மச்சான். திரை தூக்கப் போகிறார்கள். காலையிலிருந்து என் காதிலேயே இருக்கிற சத்தம்தானே என்று கண்ணை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று பிடித்தேன். “அதுதானா?” என்று மீசை அவளைக் கேட்டான். அவள் என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு “ம்ம்ம்” என்றாள். பிறகென்ன, அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது!

ஆகவே, என் கல்யாணத்தன்று நான் பாட வாயெடுத்தபோது, “மாப்பிள்ளைக்கும் சுருதிக்கும் ஆகாது” என்று ஊர் கேட்கச் சொன்னீர்களே, அதை எழுத்துமூலம் வாபஸ் வாங்கவும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், பெரியவர்களுக்கு வணக்கங்கள், உங்களுக்கு மன்னிப்பு.

இப்படிக்கு,
சுருதி காத்த உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: வாபஸ் வேண்டாம். கடிதத்தை ஒட்டுமுன் தண்ணீர் எடுக்கப் போனேன். நான் மேடையில் பிடித்துக் கொடுத்த அதே சுருதியை எங்கள் ஃபிரிட்ஜ் பாடிக்கொண்டிருந்தது. அவர்கள் பரம்பரைச் சுருதி எங்கே போனதோ, அன்று கைதட்டு வாங்கியது இந்தக் கிழட்டு ஃபிரிட்ஜ்தான். திரும்பினால் வாசலில் மகள். “அப்பா, மெக்கானிக்கை மறுபடி கூப்பிட்டுடாதீங்க” என்றாள். “அடிப்பாவி, உனக்கு அன்னிக்கே தெரியுமா?” என்று கேட்டேன். “ம்ம்ம்” என்றாள்.