எண்ணூறு கஜத்து மணியோசை

மூன்றாவது தடவையும் அதே புருவம்தான் கிழிந்தது.

மார்லிஸ் கணவனைச் சமையலறை நாற்காலியில் உட்கார வைத்து ரத்தத்தைத் துடைத்தாள். ஓரின் ட்வைட் கூரையைப் பார்த்தபடி சாந்தமாக இருந்தார். ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுது பார்ப்பவர். கோபம் என்பதை அவரிடம் யாரும் கண்டதில்லை.

"துப்பாக்கின்னா எதிர்ல நிக்கிறதைச் சுடும்னு நினைச்சிருந்தேன்," என்றாள் மார்லிஸ். "இது உங்க நெத்தியையே குறி வைக்குது."

"அதுக்குள்ள அவ்வளவு பலம் இருக்கு மார்லிஸ். கொஞ்சம் இந்தப் பக்கமும் வரத்தானே செய்யும்."

"அந்தப் பலம் வர்றப்ப முகத்தை நகர்த்திக்கக் கூடாதா?"

"மரியாதையா இருக்காது," என்றார் ஓரின். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எல்லாம் ஜூன் மாதம் ஆரம்பித்தது. மலையாட்டுக் கிடா வேட்டைக்கான அனுமதிச் சீட்டு அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் குலுக்கலில்தான் கிடைக்கும். ஓரின் இருபத்து மூன்று வருஷமாகப் பெயர் கொடுத்துக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் 'வருந்துகிறோம்' என்று ஒரு கடிதம் வரும். இந்த ஜூனில் வந்த கடிதத்தில் வருத்தம் இல்லை. தபால் பெட்டியருகே நின்று அதை அவர் நாலு தடவை படித்தார். ஒரு கிடா, ஒரே ஒரு இலையுதிர் காலம். இன்னொரு தடவை கிடைப்பதற்குள் அவர் ஆயுள் முடிந்துவிடும்.

பழைய மான் துப்பாக்கி இதற்கு ஆகாது என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டார். கிடா செங்குத்துப் பாறையில் நிற்கும். மனிதன் நடுவில் பள்ளத்தாக்கை வைத்துக்கொண்டு எதிர்ப் பாறையில் படுத்திருப்பான். இடைவெளி எண்ணூறு கஜம் வரைகூடப் போகும். அதற்கென்றே ஒரு துப்பாக்கி செய்தாக வேண்டும். அதுவும் முந்நூறு மேக்னம் என்கிற பெரிய தோட்டா போடுகிற துப்பாக்கி.

மார்லிஸின் தம்பி டெல்பர்ட் கிராஃப், தன் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுத் துப்பாக்கி செய்கிறவன். அவன் கடைசல் இயந்திரத்தில் எஃகுக் குழலைச் சுழலவிட்டு, தோட்டா உட்காரும் அறையைக் குடைந்தபோது, ஓரின் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். எஃகு, ஆப்பிள் தோல்போல் சுருள்சுருளாக உரிந்து விழுந்தது.

"எவ்வளவு சுத்தமா வரும் டெல்பர்ட்?"

"ஒரு தலைமுடியை எடுத்து நீளவாக்குல பத்தாப் பிளந்தா, அதுல ஒண்ணு. அந்த அளவுக்குத்தான் தப்பு இருக்கலாம்."

ஓரின் தன் முடி ஒன்றைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

அவர் தனக்குத்தானே ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டார். எண்ணூறு கஜத்தில் தொங்கும் இரும்புத் தகட்டைப் பத்துக்கு ஒன்பது தடவை அடிக்க வேண்டும். முடியாவிட்டால், அந்தத் தூரத்தில் நிற்கும் கிடாவைப் பார்த்துவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான். அரைகுறையாகக் காயம் பட்டு, பாறை இடுக்கில் போய் ஒளிந்து, மூன்று நாள் கிடந்து சாகிற பிராணியை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இதை மார்லிஸிடம் மட்டும்தான் சொன்னார். மார்லிஸ் தேவாலயத்தில் இரண்டு பேரிடம் மட்டும்தான் சொன்னாள். அடுத்த வாரம் பெட்ரோல் நிலையத்தில் பார்த்தவர்கள்கூட, "பத்துக்கு எத்தனை ஓரின்?" என்று விசாரித்தார்கள்.

பத்துக்குப் பூஜ்யம். துப்பாக்கி கழுதை மாதிரி உதைத்தது. அதைத் தோளில் வைத்ததுமே ஓரினின் உடம்பு தானாகவே பின்னால் சாய்ந்தது.

"குழல் முனையில ஒரு பிரேக் போட்டுடலாம் மச்சான்," என்றான் டெல்பர்ட். "ஓட்டை ஓட்டையா இருக்கும். புகை பக்கவாட்டுல பிச்சுக்கிட்டுப் போகும். உதை பாதியாயிடும்."

உதை பாதியானது. சத்தம் ரெட்டிப்பானது. கொட்டகைக்குப் பின்னால் ஒரே ஒரு தோட்டா சுட்டார்கள். வீட்டு நாய் குளியல் தொட்டிக்குள் போய்ப் படுத்தது. மறுநாள் மாலைவரை வெளியே வரவில்லை. துப்பாக்கி சுடும் திடலில் மற்றவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு, அம்மை போட்ட வீட்டைத் தாண்டுகிறவர்களைப்போல் விலகிப் போனார்கள்.

தகட்டில் மட்டும் ஒன்றும் படவில்லை.

"எடை போதலை. அதான் ஆடுது," என்றான் டெல்பர்ட். தடித்த குழலும் தோளில் பதியும் கனத்த கட்டையும் பொருத்தினான். துப்பாக்கி இப்போது அசையவே இல்லை. தூக்கினாலும் அசையவில்லை. ஓரின் அதை முதுகில் கட்டிக்கொண்டு ஊருக்குப் பின்னாலிருந்த மேட்டில் ஏறிப் பார்த்தார். பாதி வழியில் களைப்பாறலாம் என்று உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. மார்லிஸ் போய் முதலில் துப்பாக்கியைக் கீழே கொண்டுவந்தாள், பிறகு அவரை.

"மலைக்கு ரெண்டு பேருமா போகப்போறீங்க?" என்று தம்பியிடம் கேட்டாள். "ஒருத்தர் துப்பாக்கியைத் தூக்க, ஒருத்தர் அவரைத் தூக்க?"

டெல்பர்ட்டுக்கு ரோஷம் வந்தது. கார்பன் இழையான கரிநார் சுற்றிய மெல்லிய குழல் ஒன்றைத் தருவித்தான். கட்டையையும் அதே கரிநாரில் செய்தான். துப்பாக்கி பாதி எடைக்கு இறங்கியது. கறுப்பாக, ஒல்லியாக, ஒரு நீர்ப்பறவைபோல் இருந்தது. ஓரின் அதை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். "மனுஷன் கையால செஞ்சதுன்னு நம்பவே முடியல," என்றார். மனிதன் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

எடை போனதும் உதை திரும்பி வந்தது. துப்பாக்கியின் மேல் பொருத்தியிருந்த தொலைநோக்கியின் விளிம்பு புருவத்தைப் பதம் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான். மூன்றாவது காயத்துக்கு அப்புறம் டெல்பர்ட் தொலைநோக்கியை ஒரு விரற்கடை முன்னால் நகர்த்தினான். காயம் நின்றது. ஆனால் ஓரினின் கண்களுக்கு அது புரியவில்லை. விசையில் விரல் அழுந்தும்போதே அவை இறுக மூடிக்கொண்டன. அவர் அவற்றிடம் நயமாகச் சொல்லிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். ஆனால் இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வேட்டை தொடங்க நாலு நாள் இருந்தது.

சனிக்கிழமை காலை ஓரினும் டெல்பர்ட்டும் திடலுக்குப் போனார்கள். முந்தின நாள் மழையில் புல் மேடு நனைந்து கிடந்தது. எண்ணூறு கஜத்தில், புதிதாக வெள்ளையடித்த இரண்டு தகடுகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. மலைத்தொடரின் உச்சியில் முதல் பனி விழுந்திருந்தது.

ஓரின் பாய் விரித்துப் படுத்தபோது ஒரு பெண் வந்து அடுத்த இடத்தில் பாய் விரித்தாள். ஆர்டித் பெல், செம்மறிப் பண்ணைக்காரி. ஓநாய்க்குட்டி அளவுக் கயோட்டி நரிகள் அவள் ஆடுகளைத் தூக்கிக்கொண்டு போவதால் பயிற்சிக்கு வருகிறவள். அவள் துப்பாக்கி கடைத்தெருவில் சாமான்களோடு சாமானாக வாங்கியது. மந்தை மிரளாமல் இருக்க முனையில் சத்தம் அடக்கும் குழாய் மாட்டியிருந்தாள். சுட்டால் யாரோ இருமுவதுபோல்தான் கேட்கும்.

"இடது தகடு எங்களுது, வலது உங்களுது," என்றான் டெல்பர்ட். அவள் காதுமூடியை மாட்டியபடியே தலையாட்டினாள்.

ஓரின் மூச்சை இழுத்து, பாதி விட்டு, விசையை அழுத்தினார். புல் படுத்து எழுந்தது. அதன் பிறகு அமைதி. டெல்பர்ட் பெரிய தொலைநோக்கியில் கண்ணை வைத்து எண்ணினான்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..."

டிங்.

வெகு தூரத்திலிருந்து, வேறொரு ஊர்க் கோயிலில் அடித்ததுபோல அது வந்தது.

"பட்டுடுச்சு," என்றான் டெல்பர்ட். "மச்சான், நடு மத்தியில கறுப்பா ஒரு பொட்டு."

ஓரின் அடுத்த தோட்டாவைத் தள்ளினார். வெடித்தது. நாலு எண்ணுவதற்குள் டிங். மூன்றாவது, டிங். ஐந்தாவது தடவை டெல்பர்ட் எண்ணுவதை நிறுத்திவிட்டு முனகத் தொடங்கினான். எட்டாவது தடவை ஓரினின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. பத்தாவது மணியோசை திடலைத் தாண்டி வந்து சேர்ந்தபோது, அவர் துப்பாக்கியைத் தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல் பாயில் கிடத்தினார்.

"பத்துக்குப் பத்து," என்றான் டெல்பர்ட்.

"டெல்பர்ட், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க மச்சான்."

"நான் கண்ணை மூடிக்கிட்டேன்."

"எப்ப?"

"பத்து தடவையும்."

டெல்பர்ட் துப்பாக்கியைப் பார்த்தான். அதைக் கடைந்ததும் இழைத்ததும் அவன் கைகள்தான். ஆனாலும் அவன் ஓரடி பின்னால் நகர்ந்தான். பிறகு மெதுவாகத் தொப்பியைக் கழற்றினான்.

"அது தானாப் பார்க்குது," என்றார் ஓரின் தணிந்த குரலில். "நான் வெறுமனே பிடிச்சுக்கிட்டிருந்தேன்."

மலைத்தொடர் முழுக்க வெயில் ஏறியிருந்தது. அந்தப் பாறைகளில் எங்கேயோ ஒரு கிடா நின்றுகொண்டிருந்தது. இருவரும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்தார்கள்.

சுடுவதை நிறுத்தச் சொல்லிக் கொடி ஏற்றினார்கள். மறுபடி வெள்ளையடிக்க வேண்டியிருந்ததால் மூவரும் டெல்பர்ட்டின் வண்டியிலேயே தகடுகளுக்குப் போனார்கள். இடது தகட்டின் நடுவில் பத்துப் பொட்டுகள். ஒரு உள்ளங்கையால் மூடிவிடலாம். ஓரின் கையை நீட்டினார், தொடவில்லை.

வலது தகடு பால்போல் வெள்ளையாக இருந்தது. ஆர்டித் அதன் முன் நின்று ஒரு முறை பார்த்தாள். அருகில் போய் இன்னொரு முறை பார்த்தாள்.

ஓரினுக்கு மனசு கேட்கவில்லை. "வருத்தப்படாதீங்க ஆர்டித். தப்பு உங்க மேல இல்ல, கடைத் துப்பாக்கி அவ்வளவுதான் செய்யும்," என்றார் கனிவாக. "இவன் என் மச்சான்தான். உங்களுக்கும் ஒண்ணு செஞ்சு தரச் சொல்றேன்."

அவள் முகம் சிவந்தது. காதுமூடியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகினாள்.

"நீங்கதான் என்னை மன்னிக்கணும்," என்றாள். "உங்க வெடிச் சத்தத்துல கை நடுங்குதேன்னு, ஒவ்வொரு தடவையும் நீங்க சுட்ட மறு விநாடி நான் சுட்டுக்கிட்டிருந்தேன், இடது பக்கத்துத் தகடு உங்களுதுன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது."