மூன்று முறை கூப்பிடப்படும்

காத்திருத்தல் என்னும் கொடுமையை இந்தப் பூமியிலிருந்து ஒழித்துக்கட்டிய பெருமை, முன்னாள் படைவீரர் மருத்துவமனையின் காதுப் பிரிவையே சேரும். போன வருடம் அங்கே வரிசை வாசல்வரை நின்றது. இன்று காது கேட்கும் கருவிக்காக ஒருவர்கூடக் காத்திருக்கவில்லை. "சீர்திருத்தம்" மிக எளியது. பெயரை மூன்று முறை கூப்பிடுவார்கள். எழுந்து வராதவர், "வருகை தரவில்லை". எழுந்து வருபவருக்குக் காது கேட்கிறது, கருவி எதற்கு?

பீரங்கிக்காரருக்கு இந்த மேன்மை உடனே பிடிபடவில்லை. பதினெட்டு வருடம் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவர். பேத்தி போனில் பேசத் தொடங்கி இரண்டு மாதமாகிறது. மனைவி கேட்டுத் தாளில் எழுதிக் காட்டுவாள். அவள் எழுத்தில் மழலை வருவதில்லை. அந்தக் குரலை ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும் என்றுதான் அவர் மருத்துவமனைக்குப் புறப்பட்டார்.

முதல் தடவை தனியாகப் போனார். காலையிலிருந்து பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மதியம் பெஞ்சைத் துடைக்க வந்தவர் கையை விரித்துக் காட்டியபோதுதான், தாம் வரவே இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

இரண்டாம் தடவை, கூப்பிடுபவரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது என்று தீர்மானித்துப் போனார். நோயாளிகளின் அந்தரங்கம் காக்க அதற்குள் கூப்பிடுபவருக்கு முன்னால் திரை போட்டிருந்தார்கள். அன்றும் அவர் வரவில்லை.

மூன்றாம் தடவை மனைவியும் கூடப் போனாள். பெயர் காதில் விழுந்ததும் அவர் விலாவில் ஓர் இடி இடித்தாள். அவர் எழுந்து விறைப்பாக உள்ளே நடந்தார். அதிகாரியின் முகம் மலர்ந்தது. கூப்பிட்டதும் வந்ததைப் பாராட்டிக்கொண்டே "காது கேட்கிறது" முத்திரையை எடுத்தார்.

"நான் இடிச்சேன் சார். அதான் எந்திரிச்சாரு," என்றாள் மனைவி.

இடிப்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை என்று அதிகாரி வருத்தத்துடன் விளக்கினார். அவருக்குப் பின்னால் அலமாரியில் நாற்பது கருவிகள் பெட்டி பிரிக்காமல் இருந்தன. அவையெல்லாம் யாருக்கு என்று மனைவி கேட்டாள். தேவைப்படுவோர் இல்லாததால் திருப்பி அனுப்பப் போவதாகச் சொன்னார். சொல்லும்போது குரலில் அடக்கமான பெருமிதம்.

"முன்னாடி ரெண்டு தடவை வரவே இல்லயேம்மா இவரு. கூப்பிட்டா வரணும்ல?" என்றார் அதிகாரி.

மனைவி அதை எழுதிக் காட்டினாள். பீரங்கிக்காரர் நிதானமாகப் படித்தார். பிறகு, நடைக்கூடம் முழுவதும் கேட்கும் குரலில் சொன்னார்:

"பத்தொம்பது வயசுல பட்டாளத்துக்குக் கூப்பிட்டாங்க சார். ஒரே தடவைதான் கூப்பிட்டாங்க. வந்தேன். அதுலதான் காது போச்சு."

அதிகாரி நெகிழ்ந்துபோனார். தம் பணிக்காலத்தில் இவ்வளவு தெளிவான வாக்குமூலம் அவருக்குக் கிடைத்ததே இல்லை. பேனாவைத் திறந்து அழகான கையெழுத்தில் எழுதினார்:

"ஒரே முறை கூப்பிட்டதும் வந்ததாக நோயாளியே ஒப்புக்கொள்கிறார். செவித்திறன் மிக நன்று."