வேதக்காரன் கை

"ஊசிய உள்ள வையி தம்பி. நீ வேதக்காரன்தானே?"

வில்சனின் கழுத்துச் சங்கிலியில் ஆடிய சிலுவையைப் பார்த்துக் கேட்டார் கன்னியப்பன். ஒரகடத்தில் கட்டிக்கொண்டிருந்த கம்பெனி ஷெட்டில் துருப்பிடித்த தகரம் அவர் பாதத்தைக் கிழித்திருந்தது. கழுவ விட்டார், கட்டுப் போட விட்டார். ஊசி என்றதும் இப்படி.

"குன்றத்தூர் முருகனுக்குக் காப்பு கட்டிக்கீறேன். உன் கையால ஊசி ஆவாது."

வில்சன் ஆம்புலன்ஸ் வேலைக்கு வந்து ஒரு மாதம்தான். அதற்குள் மூன்று பேர், பேரைக் கேட்டதுமே "வேற ஆள அனுப்பு" என்று திருப்பியிருந்தார்கள். "நாலாவது ஆளும் திருப்பினா வூட்லயே இருந்துக்கோ" என்று மறைமலை நகர் ஆபீசில் அன்று காலையில்தான் சொன்னார்கள்.

சங்கிலியைச் சட்டைக்குள் போட்டான்.

"உள்ள போட்டா முருகனுக்குத் தெரியாதா?"

டிரைவர் நடேசன் வில்சனின் காதருகே குனிந்தார். "வண்டில துன்னூறு கீது. பூசிக்கினு வா."

வண்டிக்குப் பின்னால் போன வில்சன் நெற்றி நிறையப் பூசிக்கொண்டு வந்தான்.

"பாருங்கப்பா, சாமியவே ஏமாத்துறான்," என்று ஷெட் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார் கன்னியப்பன். சிமெண்ட் கலந்துகொண்டிருந்தவர்கள் மண்வெட்டியோடு வந்து சுற்றி நின்றார்கள்.

"சரி, நடேசண்ணன் போடட்டும்," என்றான் வில்சன். "நான் எடத்தக் காட்டுறேன், அவரு குத்தட்டும். அவரு பேரு சாமி பேருதானே?"

கன்னியப்பனின் முகம் மாறியது. "அவரு டிரைவராச்சே?"

"கிளட்ச் மிதிக்கிற மாதிரிதான்," என்று ஊசியை வாங்கினார் நடேசன். கூர்முனையை ஒருமுறை உற்றுப் பார்த்தார். அப்படியே சாய்ந்தார். விழுந்தது அதே தகரத்தின் மேல்.

இப்போது ஒரு வண்டி, இரண்டு பேஷண்ட், ஓட்ட ஆள் இல்லை. வில்சன் வேறு ஊசி எடுத்து நடேசனுக்குப் போட்டான்.

"அண்ணே, வண்டி ஓட்டுவீங்களா?"

"ரெண்டு வில்சன் தெரியுது. ஒருத்தன ஓட்டச் சொல்லு."

வில்சன் மண்ணிலேயே உட்கார்ந்து ஆபீஸ் நோட்டைத் திறந்தான். 'பேஷண்ட் மறுத்தார்' என்று நாலாவது தடவையாக எழுத ஆரம்பித்தான்.

அதற்குள் யாரோ சொல்லி, கன்னியப்பனின் மனைவி ராஜாமணி ஓடி வந்தாள். நடந்ததைக் கேட்டாள். வில்சன் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள். புருஷன் தோளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"நீ போடு தம்பி. போன வருசம் நாய் கடிச்சப்போ பொட்டு வெச்ச நர்சம்மா வந்துச்சு. வேதக்காரங்க கைதான் ராசி, அவங்க வந்தாதான் போட்டுக்குவேன்னு இந்தாளு வைக்கப்போருக்குள்ள பூந்துக்கினாரு."