பன்னிரண்டாவது உண்ணி

ஒரு காட்டில் எருமைகளைவிடக் கொக்குகள் அதிகமாகிப்போன காலத்தில், பூங்காவனம் என்று ஓர் உண்ணிக்கொக்கு இருந்தாள். எருமை முதுகில் ஏறி உண்ணி பொறுக்கித் தின்பதுதான் அவள் தொழில். அவளுடைய அலகு ராசியானது என்று எருமைகளே சொல்லும்.

முதுகுக்கு நாலு கொக்கு என்று போட்டி முற்றியதும், கடலுக்கு அந்தப் பக்கமிருந்த தீவில் கிளை திறக்க முடிவு செய்தாள். தன் எருமைகளை ஓரகத்தி தனபாக்கியத்துக்கு எழுதிக் கொடுத்தாள். பிறகு ஆலோசகர் ஆமையைப் போய்ப் பார்த்தாள். ஆமை எந்தத் தொழிலும் செய்ததில்லை. அதனால் எதிலும் தோற்றதும் இல்லை.

"வெளிநாடு போறவங்க எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணுதாம்மா," என்றது ஆமை. "வாயாலேயே யாவாரம் பண்ணப் பாப்பாங்க. நீ செஞ்சு காட்டு. சாம்பிள் இல்லாம கிளம்பாதே."

பூங்காவனம் பன்னிரண்டு உண்ணிகளைத் தேங்காய்ச் சிரட்டையில் போட்டு, இலையால் மூடிக் கட்டிக்கொண்டாள். தீவின் கரையில் அதிகாரி உடும்பு ஒரு படிவத்தை நீட்டியது.

"உள்ள என்ன?"

"சாம்பிள் சார்."

"விக்கிறதுக்கா?"

"இல்ல சார், காட்டுறதுக்கு."

விற்பனைக்கு அல்ல என்ற கட்டத்தில் டிக் போட்டு, உடும்பு முத்திரை குத்தியது.

உள்ளே போய்ப் பார்த்தாள். ஐம்பது மட்டக்குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றின் மேலும் உண்ணி இல்லை. உண்ணி என்றால் என்னவென்றே அவற்றுக்குத் தெரியவில்லை. திரும்பிப் போகலாம்தான். போனால் தனபாக்கியத்திடம் கேட்டுக் கேட்டுத்தான் எருமை மேல் ஏற வேண்டும். "வெளிநாடு எப்படி இருந்துச்சுக்கா?" என்று அவள் தினமும் விசாரிப்பாள். அதற்குக் கடலில் விழுந்துவிடலாம் என்று பூங்காவனத்துக்குத் தோன்றியது.

மறுநாள் குதிரைகளின் தலைவி மரகதத்தைக் கெஞ்சிக் கூத்தாடி நிற்கவைத்தாள். பன்னிரண்டு உண்ணிகளையும் அவள் முதுகில் விட்டு, கூட்டத்தின் முன்னால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் காட்டினாள். பதினொன்று அகப்பட்டது. ஒன்று பிடரி மயிருக்குள் போய்விட்டது.

"வேலை சுத்தம்," என்றாள் மரகதம். "ஆனா எங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"

கூட்டம் கலைந்து மேயப் போனது.

பன்னிரண்டாவது உண்ணி பிள்ளைத்தாய்ச்சி. பூங்காவனத்துக்கு அது தெரியாது. படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

மழைக்காலம் முடிவதற்குள் தீவே சொறிந்துகொண்டிருந்தது. பூங்காவனத்தின் மரத்தடியில் தொடங்கிய வரிசை கடற்கரை வரைக்கும் நின்றது. டோக்கன் கொடுக்க உடும்பே வேலைக்குச் சேர்ந்தது. வரிசையில் முதலில் மரகதம், காதெல்லாம் ரத்தமாக நின்றாள். அதைப் பார்த்ததும் பூங்காவனம், நடந்ததைச் சொல்லிவிடுவது என்றே வாயைத் திறந்தாள்.

அதற்குள் மரகதம் அழுதுவிட்டாள். "சாமி அனுப்பி வச்ச மாதிரி முன்னாடியே வந்துட்டம்மா நீ. நீ இல்லாத நேரத்துல இந்தச் சனியன் வந்திருந்தா எங்க கதி என்ன ஆயிருக்கும்?"

பூங்காவனம், திறந்த வாயை வீணாக்காமல் உண்ணிகளைப் பொறுக்கத் தொடங்கினாள். சுத்தமான வேலை. பிடரியில் மட்டும் பார்த்துப் பார்த்து ஒன்றை விட்டுவைத்தாள்.

"அடுத்த டோக்கன்!" என்றாள்.

நீதி: தேவையே இல்லாத ஊரில் கடை திறப்பவர், தேவையையும் சிரட்டையில் கட்டிக் கொண்டுபோக வேண்டும். முத்திரை வாங்கிக்கொள்வது நல்லது.